கிருஷ்ணகிரிக் கண்காட்சியில் வாங்கிய ‘கலம்காரி’: ஓர் எச்சரிக்கை

கிருஷ்ணகிரியில் பெங்களூர் சாலையை ஒட்டிய ஒரு திருமண மண்டபத்தில் சென்ற மாதம் பத்து நாள் நடந்த துணிக் கண்காட்சியில், ‘கையச்சுக் கலம்காரி, இயற்கைச் சாயம், சுத்தப் பருத்தி’ என்ற தட்டியை நம்பி, இரண்டு சேலைகளையும் சுடிதாருக்கு ஐந்து மீட்டர் துணியையும் 6,300 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன்.

மாந்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு மாவிலையும் மாங்காய்க் கொத்தும் கிளியும் அச்சிட்ட சேலையைக் கண்டால் கை தானாக நீளும். விற்றவர், சரக்கு போச்சம்பள்ளியிலிருந்து நேராக வருகிறது என்றார். நம் மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்தது வாரச்சந்தை. துணிக்குப் பேர்போனது தெலங்கானாவில் இருக்கும் இன்னொரு போச்சம்பள்ளி. அங்கும் நூலைக் கட்டிச் சாயமேற்றிய பிறகே நெய்வார்கள். அச்சுக்கு அதில் வேலையில்லை. கலம்காரிக்கு உரிய ஊர்கள் ஆந்திராவின் காளஹஸ்தியும் மசூலிப்பட்டினமும். முன்னதில் கலம் எனும் எழுதுகோல் பிடித்துக் கையால் வரைவார்கள், பின்னதில் மர அச்சால் பதிப்பார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் பணத்தைக் கொடுத்தது என் தவறுதான்.

சேலையை முதல் நாள் உடுத்திய என் மாமியார், வேர்வையை இழுக்காமல் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது என்று மாலைக்குள் மாற்றிவிட்டார். இரண்டாவது சலவையில், மடிப்பு விழுந்த இடங்களில் எல்லாம் அச்சு வெடித்து உதிர்ந்தது. பிறகுதான் துணியைத் திருப்பிப் பார்த்தேன்: பின்புறம் ஏறக்குறைய வெள்ளையாக இருந்தது. கலம்காரித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, வெல்லத்தோடு இரும்பைப் புளிக்கவைத்த கறுப்பையும் படிகாரம் பிடித்துக்கொள்ளும் சிவப்பையும் ஏற்றுவதால், நிறம் நூலுக்குள் இறங்கிப் பின்புறமும் ஓரளவு தெரியும். என் சேலையிலோ நிறம் பசை போல மேலே உட்கார்ந்திருந்தது. கையால் ஒற்றும் அச்சு ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகும். இதிலோ ஒரு கிளியின் வாலில் இருந்த சிறு முறிவு, அதே அளவில் அதே இடத்தில் முந்தானை வரை திரும்பத் திரும்ப வந்தது. கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறப் பூக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்த வேரும் பட்டையும் அப்படியொரு நிறத்தைத் தந்து நான் பார்த்ததில்லை.

ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்தினேன். பருத்தியானால் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும்; இது சுருங்கி உருகி, முனையில் கெட்டியான கறுப்பு மணியாக நின்றது. பாலியஸ்டர் கலந்திருப்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால், ரேயானும் பருத்தியைப் போலவே எரியும் என்பதால், சாம்பலை மட்டும் பார்த்துப் பருத்தி என்று முடிவு கட்டிவிட முடியாது.

கண்காட்சியின் கடைசி நாளில் திரும்பிப் போனபோது, அவர்கள் தந்திருந்த ‘எஸ்டிமேட்’ துண்டுச் சீட்டைக் காட்டி, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். முறையான பில் கொடுக்காமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைகள் என்றே சொல்லப்பட்டுள்ளன; பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது 30 நாள் வரை திருப்பிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. நான் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். கையில் இருக்கும் ஆதாரம், ஒரு தனிநபரின் பெயருக்குச் சென்ற ஜிபே ரசீதும் நான் படமெடுத்து வைத்த தட்டியும்தான். கடையின் முகவரியோ ஜிஎஸ்டி எண்ணோ அந்தச் சீட்டில் இல்லாததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு யார் என்று எழுதுவதே பெரும்பாடு.

சென்ற வாரம் தருமபுரிப் பேருந்து நிலையத்தருகே அதே எழுத்தும் அதே கிளியும் உள்ள தட்டியைப் பார்த்தேன். மண்டபத்தின் பெயர் மட்டும் வேறாக இருந்தது.