28,500 ரூபாய் கட்டி என் ஆராய்ச்சியைத் தொலைத்த கதை: பேப்பர் போடப் போகிறவர்கள் படித்துவிடுங்கள்

பிஎச்.டி. செய்கிறவர்கள், பேப்பர் போட இதழ் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். 28,500 ரூபாய் போய்விட்டது. கௌரவ விரிவுரையாளரான எனக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கடைசியில் தப்பிக்கும் வழிகளையும் விரிவாகத் தருகிறேன்.

எங்கள் பக்கத்துக் கண்மாய் மீன்களில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. ஒவ்வொரு சாம்பிளையும் வெளி ஆய்வகத்தில் கைக்காசு கொடுத்து அளந்தேன். தீசிஸ் கொடுப்பதற்கு முன் ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-இலேயே எடுத்துவிட்டது. ஆனால் எங்கள் பல்கலைக்கழகம் இன்னும், ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் இடம்பெற்ற பேப்பர் கேட்கிறது. அந்த அவசரத்தில்தான் போலி இதழ் ஆட்கள் கடை விரிக்கிறார்கள்.

ஸ்காலர்கள் குரூப்பில் ஒரு வெளிநாட்டு அறிவியல் இதழின் அழைப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. இதழின் பெயரை ஸ்கோபஸில் தேடினேன், இருந்தது. இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னும் பொருந்தியது. ஆசிரியர் குழுவில் இருந்தவர்கள் எல்லாம் நிஜப் பேராசிரியர்கள். கட்டணம் கேட்டதும் சந்தேகம் வரவில்லை. ஏன் வரவேண்டும்? கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட, அதாவது ஓப்பன் ஆக்சஸுக்கு, நேச்சர் இதழே 2021-இல் 9,500 யூரோ கேட்டது. அதற்கு முன்னால் 28,500 ரூபாய் எம்மாத்திரம்!

என்னை முழுசாக நம்பவைத்தது ரிவ்யூவர் கமென்ட்தான். இரண்டு பேர் படித்ததாக அறிக்கை வந்தது. ஒருவர் அட்டவணையில் திட்ட விலக்கம் கேட்டார். இன்னொருவர், மாதிரி எடுத்த காலத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், விளக்கவும் என்று எழுதியிருந்தார். கோடையில் தண்ணீர் வற்றும்போது எடுத்த சாம்பிள்கள் அவை. யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு, மழைக்காலத் தரவையும் சேர்த்துத் திருத்தி அனுப்பினேன். அதே இரண்டு கமென்ட்டும் வரி மாறாமல் வணிகவியல் துறைத் தோழிக்கும் வந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அவள் செய்தது வாடிக்கையாளர் சர்வே. அங்கேயும் மாதிரி உண்டு, இங்கேயும் மாதிரி உண்டு, கேள்வி இரண்டுக்கும் பொருந்திவிட்டது.

அக்செப்டன்ஸ் லெட்டர் வந்ததும் யுபிஐயில் 28,500 கட்டினேன். கணக்கு ஏதோ ‘எஜுகேஷனல் சர்வீசஸ்’ பேரில் இருந்தது. கேட்டதற்கு, இதழின் இந்தியக் கிளை என்றார்கள். பேப்பரும் உடனே இணையத்தில் ஏறியது. கைடுக்கு அனுப்பினேன், வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன்.

டாக்டோரல் கமிட்டியில்தான் குட்டு உடைந்தது. ஸ்கோபஸில் என் கட்டுரை இல்லை. கமிட்டி சார் ஒருவர் அந்தத் தளத்தின் முகவரியைப் பார்த்துவிட்டு, “இது அந்த ஜர்னலே இல்லம்மா” என்றார். அசல் இதழின் பேர், எண், ஆசிரியர் குழு எல்லாவற்றையும் திருடிப் போலித் தளம் போட்டிருக்கிறார்கள். ஹைஜாக் செய்த இதழ் என்கிறார்கள் இதை. அசல் இதழின் ஆசிரியருக்கு எழுதினேன். நாங்கள் கட்டணமே வாங்குவதில்லை, இப்படி எழுதும் முதல் ஆள் நீங்கள் இல்லை என்று மரியாதையாகப் பதில் போட்டார். அதைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது.

அப்புறம் போலி ஆட்களுடன் மல்லுக்கட்டினேன். “இன்டெக்ஸ் ஆக டைம் எடுக்கும் மேடம்.” “சர்வர் மாத்துறோம் மேடம்.” “எடிட்டர் லீவ்ல இருக்கார் மேடம்.” பணம் வேண்டாம், கட்டுரையை மட்டும் எடுத்துவிடுங்கள், வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தேன். எடுக்க 15,000 ஆகும் என்றார்கள்! போலீசுக்குப் போவேன் என்று சொன்னதற்கு மறுநாள் பார்த்தால், என் கட்டுரையின் குறுக்கே சிவப்பில் ‘ரிட்ராக்டட்’, அதாவது திரும்பப் பெறப்பட்டது, என்று முத்திரை. காரணம் ஒரு வரிகூட இல்லை.

ஆய்வு உலகில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று தெரியும். கட்டுரையைத் திரும்பப் பெற்றால் ஏன், யார் பெறுகிறார்கள் என்று எழுத வேண்டும் என்பது கோப் என்கிற வெளியீட்டு நெறிக் குழு வகுத்த முறை. 2023-இல் ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து மட்டும் 8,000-க்கும் மேல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் காசுக்குப் போலிக் கட்டுரை தயாரித்து விற்கும் பேப்பர் மில்களின் குப்பை ஏராளம், நீக்கியது நல்லதுதான். ரிட்ராக்‌ஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இன்னும் நிறைய வேண்டும். ஆனால் அந்தச் சொல்லையே மிரட்டப் பயன்படுத்துகிறான் ஒருவன். கூகுளில் என் பேரைத் தேடுகிறவர் நான் தரவைத் திரித்தேன் என்றுதானே நினைப்பார்? இப்போது வேறு நல்ல இதழுக்கு அனுப்பினாலும், ஏற்கெனவே வெளியானது என்று திருப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

ஓப்பன் ஆக்சஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2002-இல் புடாபெஸ்ட் அறிக்கையில் அதை அறிவித்தது நல்ல எண்ணம். எங்கள் கல்லூரி போன்ற இடங்களில் இருப்பவர்கள் கட்டுரை படிப்பதே அதனால்தான். ஆனால் வாசகரிடம் வாங்கிய காசை எழுதுகிறவரிடம் வாங்க ஆரம்பித்ததும், அதிகம் ஏற்றுக்கொண்டால் அதிக வருமானம் என்று ஆகிவிட்டது. 2013-இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹனன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டை வைத்த கட்டுரையை 304 ஓப்பன் ஆக்சஸ் இதழ்களுக்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, என்ன மாறியது? எது சரி என்று காட்ட இருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்எஸ்என் பொருந்தினால் போதாது, அதை எவனும் நகலெடுக்கலாம். ஸ்கோபஸில் அந்த இதழின் சமீபத்திய கட்டுரைத் தலைப்புகளை எடுத்து, தளத்தில் இருப்பவற்றோடு ஒப்பிடுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளம் வைத்திருக்கும் ஹைஜாக் பட்டியலைப் பாருங்கள், இலவசம். இதழின் பேரில் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். கட்டுரையை எடுக்கக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், 28,500 நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு ஆகும், அவ்வளவுதான். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் பண்ணுங்கள். நான் புகார் கொடுத்துவிட்டேன், வங்கியில் ஸ்டேட்மென்ட் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள், கிளம்புகிறேன்.