குழுவாகவா, தனித்தனியாகவா: தேயிலைத் தொழிற்சாலையில் காரணிகளை வடிகட்டும் இரு திட்டங்கள்

இலங்கையின் தலவாக்கலைப் பகுதியிலுள்ள எங்கள் தொழிற்சாலையில், தேநீர்ச் சாயத்தின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை எவை என்று அறிய, கொழுந்தை வாட்டுவதிலிருந்து உலர்த்துவது வரை 24 காரணிகளைப் பட்டியலிட்டோம். ஒவ்வொன்றுக்கும் சோதனை அட்டவணையில் தனி நிரல் தரும் பிளாக்கெட்–பேர்மன் திட்டத்தை (1946) விடுத்து, பல காரணிகளை ஒரே குழுவாக மாற்றிப் பார்த்து, விளைவு காட்டும் குழுக்களை மட்டும் பின்னர் பிரித்துச் சோதிக்கும், வாட்சன் 1961 இல் வகுத்த குழு வடிகட்டலையே நான் தெரிவு செய்தேன்.

ஓட்டங்களின், அதாவது சோதனைத் தடவைகளின், கணக்கு எளிது. முந்தையதற்கு 28 ஓட்டங்கள் வேண்டும். பிந்தையதில் நான்கு நான்காக ஆறு குழுக்கள் அமைத்தால் முதற்கட்டம் எட்டு ஓட்டங்களில் முடியும். இரு குழுக்கள் தேறினால், அவற்றிலுள்ள எட்டுக் காரணிகளுக்கு மேலும் 12 போதும், மொத்தம் 20. நான்கு குழுக்கள் தேறிவிட்டாலோ மொத்தம் 28 ஆகி, இலாபம் ஏதும் இராது. ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காற்றுக் காலத்துக்குள், கொழுந்தின் தன்மை மாறுமுன் முடிக்க வேண்டியவர்களுக்கு எட்டு ஓட்டங்களின் மிச்சம் பெரியது.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது எண்ணிக்கையன்று, திசை. குழுவிலுள்ள காரணிகள் யாவும் ஒன்றாகவே தாழ்மட்டத்திலிருந்து உயர்மட்டத்துக்குச் செல்வதால், ஒன்று பிரகாசத்தைக் கூட்டி மற்றொன்று குறைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, குழுவே பயனற்றதாகத் தோன்றும். நொதித்தல் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: பிரகாசம் தரும் தியாஃபிளவின் என்ற சேர்மம் ஓர் உச்சம் வரை ஏறி, பின் இறங்குகிறது. ஆகவே இரு மட்டங்களையும் உச்சத்துக்கு முன்னால் வைத்தால்தான் நேரம் கூடுவது நன்மையாகும். அதே குழுவில் தூளின் (உருட்டி நொறுக்கிய கொழுந்தின்) வெப்பநிலை இருந்தால், குளிர்ந்த மட்டத்துக்கே 'உயர்' என்று பெயரிட வேண்டும். இத்தகைய திசைகளை டீமேக்கர்கள் (தேயிலைத் தயாரிப்பை மேற்பார்ப்பவர்கள்) அனுபவத்தால் அறிவார்கள் என்பதே இத்திட்டத்தின் பக்கம் என்னைச் சாயவைத்தது. அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும் காரணிகளை எக்குழுவிலும் சேர்க்காமல், தமக்கென ஒரு நிரலுடன் தனித்து விடுவது நல்லது. அப்படி இரண்டைத் தனித்து, மற்ற 22 ஐ ஐந்து குழுக்களாக்கினால் எட்டு ஓட்டங்களின் ஏழு நிரல்களும் நிரம்பிவிடும், பிழையை (ஓட்டங்களுக்கிடையிலான தற்செயல் வேறுபாட்டை) மதிப்பிட நிரல் மிஞ்சாது. சில ஓட்டங்களையேனும் மீளச் செய்வது அப்போது அவசியம். திசையே தெரியாத புதிய இயந்திரமானால், தயங்காமல் பிளாக்கெட்–பேர்மனுக்கே செல்லுங்கள்.

காரணிகளைவிடக் குறைந்த ஓட்டங்கள் கொண்ட மீநிறை திட்டங்களை (பூத், காக்ஸ், 1962) நான் கடதாசியில் மட்டுமே பார்த்திருக்கிறேன்; அதனால் அவற்றைப் பரிந்துரைக்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை.

இடைவினை, அதாவது ஒரு காரணியின் விளைவு இன்னொன்றின் மட்டத்தைப் பொறுத்து மாறுவது, இரண்டு திட்டங்களுக்குமே தொல்லைதான். முதற்கட்டத்தின் எட்டு ஓட்டங்களைக் குறிமாற்றி (உயர், தாழ் மட்டங்களை இடம்மாற்றி) மீண்டும் நடத்தினால், குழுக்களின் முதன்மை விளைவுகள் இரு குழு இடைவினைகளிலிருந்து பிரிந்துவிடும். அப்போது, இரு குழுக்கள் தேறினால், நமது மொத்தமும் 28 ஆகிறது. ஆனால் அதே தெளிவைத் தனித்தனித் திட்டத்தில் பெற 56 ஓட்டங்கள் தேவை.