புது ஹார்ட் டிஸ்க் என்று பழையதைத் தலையில் கட்டுகிறார்கள்: ஹோம் சர்வர் போடுபவர்கள் கவனிக்கவும்

வீட்டில் ஒரே பெட்டியில் நாலைந்து விர்ச்சுவல் மெஷின் (ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினி போல இயங்குபவை) ஓட்ட நினைப்பவர்கள், கடையில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் எனக்கு நடந்தது இது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளைப் போட்டு, குடும்பப் படங்களுக்கு ஒரு மெஷின், கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுடுக்கு ஒன்று, வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்டுக்கு ஒன்று, அலுவலக வேலையைச் சோதித்துப் பார்க்க இரண்டு உபுண்டு லினக்ஸ். இதுதான் திட்டம். எல்லா மெஷினும் ஒரே டிஸ்க் தொகுப்பை நம்பி ஓடுவதால், அதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கொட்டேஷனில் இருந்தவை: ரைசன் 5700எக்ஸ் பிராசஸர், 64 ஜிபி இசிசி ரேம் (தரவில் வரும் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ரேம்), நாள் முழுக்க ஓடும் சேமிப்புப் பெட்டிகளுக்கான 8 டிபி சீகேட் நாஸ் டிஸ்க் நான்கு, எல்லாம் புதிது.

பெட்டி வந்தபோது உள்ளே இருந்தது 5700ஜி. கேட்டதற்கு, "இதுல கிராபிக்ஸும் இருக்கு சார், உங்களுக்கு லாபம்தான்" என்றார் கடைக்காரர். 5700ஜி இசிசியை ஆதரிக்காது. ரேமும் இசிசி இல்லை. கணினியின் வன்பொருள் விவரம் காட்டும் டிமைடிகோட் என்ற லினக்ஸ் கட்டளையில், இசிசி ரேம் என்றால் மொத்த அகலம் 72, தரவு அகலம் 64 என்று வர வேண்டும். எனக்கு இரண்டும் 64. டிடிஆர்4 இசிசி ரேமில் பக்கத்துக்கு எட்டுக்குப் பதில் ஒன்பது சிப் இருப்பதைக் கண்ணாலேயே எண்ணலாம். இவர்கள் கொடுத்த ரேமில் தகடு ஒட்டி மூடியிருந்தது.

டிஸ்க் விஷயம் இதைவிட மோசம். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் ஓடிய நேரம் ஒன்பது மணி. சரி, புதிதுதான் என்று இசட்எஃப்எஸ் மிரர் (ஒரே தரவை இரண்டு டிஸ்கில் பிரதி வைக்கும் முறை) போட்டுப் படங்களை ஏற்றினேன். முதல் ஸ்கரப்பிலேயே, அதாவது எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்த்தபோதே, ஒரு டிஸ்கில் தரவு கெட்டிருப்பதைக் காட்டும் செக்சம் பிழைகள் வரிசையாக வந்தன. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் திருகுத் துளைகளில் மரை தேய்ந்த தடம், சாட்டா முனையின் தங்கப் பூச்சில் கீறல். புது டிஸ்கில் இதெல்லாம் எப்படி வரும்?

சீகேட் டிஸ்குகளில் ஃபார்ம் என்று தனியாக ஒரு பதிவு உண்டு. டிஸ்க் நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்கலாம். அதில் ஓடிய நேரம் 27,000 மணிக்கு மேல். மூன்று வருடம் நிற்காமல் ஓடிய டிஸ்க். பழைய காரில் கிலோமீட்டரைத் திருப்பி வைப்பது போல ஸ்மார்ட் கணக்கை மட்டும் அழித்திருக்கிறார்கள். நான்கிலும் இதே கதை.

இந்த மோசடி புதிதல்ல. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைஸே தொழில்நுட்பச் செய்தித் தளம் இப்படிப் புதிதாக விற்கப்பட்ட பழைய சீகேட் டிஸ்குகளை அம்பலப்படுத்தியது. டிஸ்க் இடத்தைக் கொண்டு ஈட்டப்படும் சியா கிரிப்டோ நாணயத்துக்காக ஓடியவை என்று சந்தேகம் எழுந்தது. பழைய டிஸ்கை பழையது என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றால் எனக்கு ஆட்சேபமே இல்லை. பேக்கப்புக்கு நானே வாங்குவேன். புது விலை வாங்கிக்கொண்டு, ஒரு குடும்பத்தின் படங்களை அதன் மேல் ஏற்ற விடுவதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கடையில் காட்டினால், "லினக்ஸ்ல போட்டா அப்படித்தான் சார் காட்டும்" என்றார்கள். பில்லில் "ஹார்ட் டிஸ்க் 8 டிபி, 4" என்று மட்டும் எழுதி சீரியல் எண்ணை விட்டிருந்தது, பிறகு 'இது நாங்கள் விற்ற டிஸ்கே இல்லை' என்று மறுக்கத்தான். பெட்டி திறக்கும்போது எடுத்த வீடியோவில் எண்கள் தெளிவாகத் தெரிந்ததால் அந்தப் பேச்சு நின்றது. நீங்கள் வாங்கும்போது சீரியல் எண்களைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கடையில் நிற்கும்போதே நிறுவனத்தின் உத்தரவாதப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். வாங்கிய இடத்தைக் கேட்கவும் என்று வந்தால் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். சீகேட் என்றால் படங்களை ஏற்றும் முன் ஃபார்ம் பதிவையும் பாருங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதற்கப்புறம் கடைக்காரர் பாதிப் பணம் தருவதாகவும், டிஸ்குகளைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னார். முடியாது என்றுவிட்டேன். அவை அவர் கைக்குப் போனால் அடுத்த வாரமே வேறொருவருக்குப் புதிதாக விற்பார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். டிஸ்குகள் நான்கும் சாட்சியாக என்னிடமே இருக்கின்றன.