பெசன்ட் நகர் 'ஐயமிட்டு உண்' ஃபிரிட்ஜ்: மாதம் 300 ரூபாய் ஒதுக்குகிறவர்களுக்கு

கணவருக்குத் தனியார் கம்பெனிச் சம்பளம், எனக்கு வீட்டிலேயே தையல். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், சிலிண்டர் எல்லாம் போக, அன்னதானத்துக்கு என்று மாதம் 300 ரூபாய்தான் ஒதுக்க முடிகிறது. அந்த 300 ரூபாய் அப்படியே பசித்தவர் வயிற்றுக்குப் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அந்தக் கணக்கில் பார்த்தால், சென்னை எலியட்ஸ் பீச் பக்கம் இருக்கும் இந்தப் பொது ஃபிரிட்ஜுக்குத்தான் என் முதல் ஓட்டு.

2017 ஆகஸ்டில் பல் மருத்துவர் ஈசா ஃபாத்திமா ஜாஸ்மின் தொடங்கியது இது. பெயர் ஔவையாரின் ஆத்திசூடியில் இருந்து எடுத்தது. யார் வேண்டுமானாலும் சாப்பாடு வைக்கலாம், பசிக்கிற யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே துணிமணி, புத்தகம், பொம்மை வைக்கவும் அலமாரி உண்டு.

இதற்கு முன், அன்னதானம் ஏற்கிற ஒரு இல்லத்துக்கு போன் செய்து கேட்டேன். காலை டிபனுக்கு இவ்வளவு, மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, வடை பாயசத்தோடு என்றால் இவ்வளவு என்று ஆயிரங்களில் சொன்னார்கள். ஐம்பது பேருக்குச் சமைக்கிற இடத்தில் அப்படித்தான் கணக்குப் போட முடியும், புரிகிறது. ஆனால் "மூன்று கிலோ அரிசி தரட்டுமா" என்று கேட்டபோது எதிர்முனையில் வந்த அந்த "ம்ம்..." எனக்கு மிகவும் வலித்தது. கல்யாண மண்டபத்தில் சாப்பாடு மீந்தால் வந்து எடுத்துப் போக, 2014இல் கோயம்புத்தூரில் ஆரம்பித்த 'நோ ஃபுட் வேஸ்ட்' மாதிரி அமைப்புகள் இருக்கின்றன. அதுவும் பெரிய அளவுக்குத்தான் சரி. நாலு பொட்டலம் வைத்திருக்கிறவள் எங்கே போவது? இங்கேதான் போகலாம். குறைந்தபட்சம் இவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. என்ன வைக்கிறோம், எப்போது சமைத்தது என்று அங்கே இருப்பவரிடம் சொல்லிவிட்டு வைத்தால் போதும்.

அப்புறம், என்ன வைப்பது என்பது ரொம்ப முக்கியம். அரிசி, பருப்பு இங்கே வேண்டாம். எடுக்க வருகிறவர் பலூன் விற்கிறவராக இருக்கலாம், வாட்ச்மேனாக இருக்கலாம், ஆட்டோ ஓட்டுகிறவராக இருக்கலாம். எடுத்த கையோடு உட்கார்ந்து சாப்பிட முடிய வேண்டும். நான் வைப்பது பெரும்பாலும் புளியோதரை. நாங்கள் சாப்பிடுகிற அதே ரேஷன் பச்சரிசிதான். நாலு தண்ணீர் கழுவி, கொஞ்ச நேரம் ஊறவைத்து, உதிரியாக வடித்துவிட்டால் வாசனை தெரியாது. அரைக் கிலோ வடித்தால் ஐந்தாறு பொட்டலம் வரும். செலவு புளி, நல்லெண்ணெய், வேர்க்கடலைக்குத்தான். புளிக்காய்ச்சலை மாத ஆரம்பத்திலேயே மொத்தமாகக் கிண்டி வைத்துவிடுவேன். நல்லெண்ணெய் மேலே மிதக்க இறக்கினால் அது கெடாது. சாதத்தை ஆறவிட்டுக் கிளறி, உடனே கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துச் சீக்கிரம் நசநசத்துவிடும்.

தேங்காய் சேர்ந்த எதையும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் ஊசிவிடும். தயிர்சாதம் ஃபிரிட்ஜுக்குள் இருக்கும்வரை நன்றாக இருக்கும். ஆனால் எடுத்தவர் மணிக்கணக்கில் பையில் வைத்திருந்து சாப்பிட்டால்? அதனால் நான் வைப்பதில்லை. வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துப்போகும், உள்ளே பழம் நன்றாக இருந்தாலும் அழுகியது என்று நினைத்து யாரும் தொட மாட்டார்கள். வெளியே வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். சமைக்க முடியாத வாரம் பிஸ்கட், பன் வாங்கிப் போவேன், தேதி பார்த்து.

2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் கவருக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் வாழை இலையில் கட்டி மேலே பேப்பர் சுற்றுகிறேன். பேப்பர் மேல் பேனாவால் "புளியோதரை, இன்று காலை 9 மணி" என்று எழுதிவிடுவேன். நமக்கு அரை நிமிஷ வேலை. சாப்பிடுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! மிச்சம் மீதியைக் கட்டிக் கொண்டுவருவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நம் பிள்ளைக்குப் போட யோசிக்கிற சாப்பாட்டை இன்னொருவருக்கு வைக்க நமக்கு உரிமையே இல்லை.

அம்மா உணவகத்தில் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம் கிடைக்கிற ஊரில் இது எதற்கு என்று என் நாத்தனார் கேட்டார். அம்மா உணவகம் அருமையான விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் அது குறிப்பிட்ட நேரத்தில்தான் திறந்திருக்கும், அந்த 5 ரூபாயும் கையில் இருக்க வேண்டும்.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். நன்கொடைக்கான வரி விலக்கு (80ஜி) பணமாகக் கொடுத்தால்தான், பொருளாகவோ சாப்பாடாகவோ கொடுத்தால் கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் செல்லாது.

மந்தைவெளியிலிருந்து 29சி ஏறினால் நேரே பெசன்ட் நகர். சாதாரணப் பேருந்தாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்தப் பணமும் வேர்க்கடலைக்கு ஆச்சு. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போய்ச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்கு வருகிற கூட்டமே நிறைய வைத்துவிட்டுப் போகும் என்பதால் நான் செவ்வாய், புதன் மாதிரி வாரநாளில்தான் போகிறேன்.