கஃபே ரேசருக்கு கிளிப்-ஆனா, கிளப்மேனா?

பழைய பைக்கை வீட்டிலேயே கஃபே ரேசராக (தாழ்ந்த ஹேண்டிலோடு, முன்னால் குனிந்து ஓட்டும் பந்தய பாணி பைக்காக) மாற்றும்போது பலரும் தடுமாறும் இடம் ஹேண்டில்பார்.

செலவு
கிளப்மேன்: கீழ்நோக்கி வளைந்த ஒரே குழாய். பழைய ஹேண்டிலைக் கவ்வியிருந்த கிளாம்பிலேயே உட்காரும். பைக்கில் 22 மி.மீ. பார் இருந்தால் பழைய சுவிட்ச், லீவர், கிரிப் எல்லாம் அதிலேயே பொருந்தும்.
கிளிப்-ஆன்: முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைத் தனித்தனியாகக் கவ்வும் இரண்டு துண்டு. விலை பொதுவாகக் கூடுதல். ஃபோர்க் குழாயின் விட்டத்தை வெர்னியரில் (துல்லிய அளவுகோலில்) அளக்காமல் வாங்கவே வாங்காதீர்கள். கிளிப்-ஆனின் கவ்வல் தளர்ந்து, பிரேக் போடும்போது அது திரும்பிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

வேலை
கிளப்மேன்: ஒரு மாலை போதும்.
கிளிப்-ஆன்: கேபிள் போகும் வழி, சில பைக்குகளில் ஹெட்லைட் இடமும் மாறும்.
எதைப் போட்டாலும் ஹேண்டிலை இருபக்கமும் முழுசாகத் திருப்பி, டேங்கில் விரல் நசுங்குகிறதா, கேபிள் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

சொகுசு
இரண்டிலும் மணிக்கட்டு வலிக்கும். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளினால் உட்காரும் வாகு சரியாகும்.

தினசரி ஓட்டம், சின்ன பட்ஜெட் என்றால் யோசிக்காமல் கிளப்மேன். 1960-களின் லண்டன் பைக்குகள் போல முன்பக்கம் சுத்தமாகத் தெரிய வேண்டும், ஞாயிறு காலை மட்டும் ஓட்டுவேன் என்பவருக்கு கிளிப்-ஆன். அப்புறம், இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.