ஹெம்ப் விதைப் பால்: பாட்டிலா, பாக்கெட்டா?

போதை தேடி வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: இதில் ஒன்றும் ஏறாது. 2021ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிப்படி, ஹெம்ப் எனும் கஞ்சாச் செடியின் விதையில் செய்யும் பானத்தில், போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஆர்கானிக் கடையில் விற்கும் பாட்டில் பால் சுமார்தான். ஏலக்காயையும் வெல்லத்தையும் கொட்டி விதையின் ருசியையே மூடிவிட்டார்கள். குலுக்காமல் ஊற்றினால் மேலே தண்ணீர், அடியில் மாவு. கெட்டுப்போய்விட்டதென்று கொட்ட வேண்டாம், இதன் குணமே அது. கொதிக்கும் டிகாஷனில் விட்டால் மட்டும் திரிந்துவிடும். புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தைக் கட்டியாக்கும். பாலை வெதுவெதுப்பாக்கி, அதில் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தப்பும்.

அதே கடையின் தோல் நீக்கிய விதைப் பாக்கெட் எவ்வளவோ மேல். அரை கப் விதை, மூன்று கப் குளிர்ந்த தண்ணீர், சிட்டிகை உப்பு. ஊறவைக்க வேண்டாம். மிக்சியில் ஒரு நிமிடம் போதும், வடிகட்டுவது உங்கள் இஷ்டம். பிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். விதையில் ஏறக்குறைய பாதி எண்ணெய் என்பதால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் சிக்கு வாடை வரும். பேக்கிங் தேதி பார்த்து வாங்கி, பிரித்ததும் பிரிட்ஜில் வையுங்கள்.

லேபிளில் ‘அசல் இண்டிகா’ என்று போட்டிருப்பது வெறும் அலங்காரம். 1753ல் தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ் கஞ்சாச் செடியை சட்டைவா என்றார். இந்தியாவிலிருந்து போன செடிகளைப் பார்த்து பிரெஞ்சுக்காரர் லாமார்க் 1785ல் இண்டிகா என்றார். அந்த வம்சப் பேச்செல்லாம் போதை இருக்கும் பூவின் பிசினுக்கு. விதைப் பாலுக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.