கடலூரில் முதல் ஓட்ட ஷூ: 1,500 ரூபாய்க்குள் எது தேறும்?

லாரன்ஸ் ரோட்டில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஷூ கடைக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தருகிறேன். போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் பிள்ளைகள் அங்கேதான் அதிகம் வாங்குகிறார்கள். அதனால் கடைக்காரருக்கு ஓடுவதற்கான ஷூ எது, சும்மா போட்டுக்கொண்டு போவதற்கான ஷூ எது என்று பிரித்துச் சொல்லத் தெரிகிறது. எங்கள் ஊரில் குறைந்த விலையில் முதல் ஜோடி வாங்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

எனக்கு 43 வயது. அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். மகள் காவலர் தேர்வுக்குப் படிக்கிறாள். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். அவளுக்குத் துணையாக அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போகத் தொடங்கி, நானும் ஓட ஆரம்பித்துவிட்டேன். மெதுவாகத்தான், ஆனால் விடாமல்.

என் பாதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிறு வயதிலிருந்து செருப்பிலேயே வளர்ந்த கால் என்னுடையது. முன்பாதம் அகலம், சுண்டுவிரல் வெளியே விரிந்து நிற்கும். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் இப்படித்தான். ஆனால் லேடீஸ் ஷூ பொதுவாக ஆண்கள் ஷூவைவிடக் குறுகலாகவே தயாராகிறது. அதற்குள் என் காலைத் திணித்தால் நீளம் சரியாக இருக்கும், சுண்டுவிரல் நசுங்கும். கடைக்காரர் என் பாதத்தைப் பார்த்ததுமே, "அக்கா, ஜென்ட்ஸ்ல ஆறு போட்டுப் பாருங்க. நம்பர் அதேதான், முன்னாடி இடம் இருக்கும்" என்றார். போட்டதும் விரல்கள் தாராளமாக விரிந்தன. பெட்டியில் யூகே அல்லது இந்தியா என்று போட்டிருக்கும் எண் இரு பாலருக்கும் ஒன்றே. அமெரிக்க எண்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பெரியவர்களுக்கான ஜென்ட்ஸ் அளவு பெரும்பாலும் ஆறில்தான் தொடங்குகிறது. அதைவிடச் சின்னக் கால் என்றால் பையன்களுக்கான அடுக்கில் தேடச் சொல்லுங்கள். கறுப்பு, நீலம் என்று நிறமும் அடக்கமாகக் கிடைக்கும். என் மகளுக்குக் கால் ஒல்லி, அவளுக்கு லேடீஸ் ஷூவே கச்சிதமாக இருந்தது.

நீளத்திலும் கவனம் வேண்டும். எழுந்து நின்று பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். ஓடும்போது பாதம் வீங்கி முன்னால் நகரும், இடம் இல்லையென்றால் நகம் கறுத்துவிடும். மாலையில் போவது நல்லது. நாள் முழுக்க நின்ற கால் அப்போது கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே கையோடு கொண்டு போங்கள்.

இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது, வாசலில் இறங்கி நாலு எட்டு ஓடிப் பார்க்க விட்டதுதான். கடைத்தெருவில் ஒரு பெண் ஓடுகிறாளே என்று யாரும் பெரிதாகப் பார்க்கவும் இல்லை. குதிகால் கழன்று வருகிறதா, எங்கேயாவது உரசுகிறதா என்பது அந்த நாலு எட்டிலேயே தெரிந்துவிடும். வேறொரு பெரிய கடையில் நான் ஓடிப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "சோல் அழுக்காகிடும் மேடம்" என்று மறுத்துவிட்டார்கள். ஓடுவதற்கென்று வாங்கும் பொருளை ஓடிப் பார்க்காமல் எப்படி வாங்குவது?

மெமரி ஃபோம் விஷயத்தையும் லாரன்ஸ் ரோடு கடைக்காரரே சொன்னார், எனக்கும் அது சரியென்றே படுகிறது. உள்ளே பாதத்துக்கு அடியில் மெத்தென்று ஒரு விரிப்பு வைத்திருப்பார்கள். கடையில் போட்டவுடன் சுகமாக இருக்கும். ஓடும்போது அது அமுங்கிப் போகுமே தவிர, திரும்ப உந்தித் தராது. பார்க்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் நடு சோலைத்தான். பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள், கொஞ்சம் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். கல் மாதிரி இருந்தால், ஈவிஏ (நடு சோலுக்குப் போடும் ஒரு வகை ஃபோம்) என்று எழுதியிருந்தாலும் வேண்டாம். ஷூவை மடக்கினால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் இரண்டாக மடங்குவது ஓட்டத்துக்கு ஆகாது. தெருவோரத்தில் 600, 700 ரூபாய்க்கு விற்கும் ஃபர்ஸ்ட் காப்பி ஷூக்களில் மேலே பெரிய பெயர் இருக்கும், இந்தச் சோதனையில் தேறாது.

கேம்பஸ், ஸ்பார்க்ஸ், நிவியா, பாட்டாவின் பவர் என்று நம் கைக்கு எட்டும் விலையில் ஷூ தரும் பெயர்கள் நிறைய. ஆன்லைனில் வாங்கத் தயார் என்றால் டெகத்லானின் ஆரம்ப நிலை ஷூக்களையும் பாருங்கள். நான் எடுத்தது எது என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. ஒரே பிராண்டில் ஒரு மாடல் அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் இருக்கிறது, மாடலும் சீக்கிரம் மாறிவிடுகிறது. பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் கால் ஏமாந்துவிடும்.

நான் 1,350 ரூபாய் கொடுத்தேன். ஸ்டேடியம் மண்ணிலும் சில்வர் பீச் சாலையிலும் அருமையாக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சில நேரம் முதல் பஸ் பிடித்துப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போவோம். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகள் வராது, நிம்மதியாக ஓடலாம். ஆனால் தரை கெட்டி. ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் குதிகாலில் அடி தெரிகிறது. இந்த விலை ஷூவுக்கு அவ்வளவுதான் எல்லை. இன்னொரு குறை, அடியில் ரப்பர் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் ஒட்டியிருக்கிறது, மற்ற இடமெல்லாம் வெறும் ஃபோம். ஐப்பசி மழையில் நனைந்த டைல்ஸில் வழுக்குகிறது. அந்த மாதங்களில் தார் ரோட்டை விட்டு இறங்குவதில்லை.

நல்ல ஷூவே 500 முதல் 800 கிலோமீட்டர் வரைதான் என்பது பொதுவான கணக்கு. விலை குறைந்ததற்கு 500 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 15 கிலோமீட்டர் ஓடினால் எட்டு மாதத்தில் தொட்டுவிடுவோம். ஓடுவதற்கு மட்டுமே போட்டால் அவ்வளவு வரும், மார்க்கெட்டுக்கும் அதையே மாட்டிக்கொண்டு போனால் வராது. கடற்கரை மணலும் உப்பும் வலைத் துணிக்குள் ஏறிவிடும், அதனால் உள் விரிப்பைக் கழற்றிவிட்டுக் கையால் அலசி, செய்தித்தாள் அடைத்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் பசை விட்டுவிடும். காட்டன் சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் கிளப்பும், 150 ரூபாய் கூடப் போட்டு ஓட்ட சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள்.

அரை மதிப்பெண் குறைத்தது பில்லுக்காக. கேட்டால்தான் தருகிறார், ஒட்டு விட்டால் மாற்றித் தர அது அவசியம், மறக்காமல் கேட்டு வாங்குங்கள். தீபாவளி வாரத்தில் மட்டும் போக வேண்டாம். உட்கார்ந்து போட்டுப் பார்க்கவே இடம் இருக்காது, அப்புறம் எங்கே ஓடிப் பார்ப்பது?